பண்ருட்டிக் கொட்டையும் பெய்ஜிங் கடனும்

சென்ற இதழில், சீனக் கடனில் கட்டி, பிறகு சீன நிறுவனத்துக்கே குத்தகைக்குப் போன இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றி நான்கு வரி எழுதப்போக, தபால் குவிந்துவிட்டது. "இலங்கைக்கு நடந்ததுதான் ஆப்பிரிக்காவுக்கும் நடக்கிறதா?" என்று கடலூர்ப் பக்கமிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆளுக்கொரு கோணத்தில் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை சினிமாக் கேள்வியெல்லாம் ஓரமாக இருக்கட்டும், இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்து, முந்திரி இறக்குமதிக்காரர்களின் எல்.சி. என்கிற வங்கிக் கடனுறுதிக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே தலை நரைத்தவன் நான். மேடைப் பேச்சு எனக்கு வராது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் தெரியும். வழக்கம்போலப் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

முந்திரி வியாபாரி, பண்ருட்டி: ஐயா, சீனாக்காரன் ஆப்பிரிக்காவையே வாங்கிவிட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் ஐவரி கோஸ்ட்டிலிருந்து கொட்டை இறக்குகிறவர்கள். அங்கேயும் சீனா வந்துவிட்டால் எங்கள் கதி?

டீக்கடைக்காரர்கள் அடமானத்தையும் கிரயத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். சீனா அங்கே வாங்கியதைவிடக் கடன் கொடுத்ததுதான் அதிகம். 2000-க்கும் 2023-க்கும் இடையில் சீன வங்கிகள் ஆப்பிரிக்க அரசுகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் கொடுத்த கடன் சுமார் 18,200 கோடி டாலர் என்று அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய கால் பங்கு அங்கோலா ஒன்றுக்கே போனது, எண்ணெயைக் காட்டி வாங்கிய கடன். 2016-ல் உச்சம்: அந்த ஒரே ஆண்டில் 2,800 கோடி டாலருக்கு மேல். 2022-ல் அது 100 கோடி அளவுக்குச் சரிந்துவிட்டது. கொடுத்தவருக்கும் வயிற்றில் புளி கரைக்கும் அல்லவா? ஆப்பிரிக்க நாடுகளின் மொத்த வெளிக்கடனில் சீனாவின் பங்கு எட்டில் ஒன்று அளவில்தான் இருக்கிறது. மேற்கு நாடுகளின் தனியார் முதலீட்டாளர்கள், அதாவது பாண்டு என்கிற கடன் பத்திரத்தை வாங்கி வைத்திருப்பவர்கள், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்த டீக்கடையிலும் பேச்சில்லை.

வியாபாரம் வேறு கதை. 2009-ல் அமெரிக்காவை முந்தி சீனா ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய வியாபாரக் கூட்டாளியாக ஆனது. இன்றுவரை அந்த இடத்தில் இருக்கிறது. 2023-ல் இரு பக்கமும் சேர்ந்து சுமார் 28,200 கோடி டாலர். அங்கிருந்து சீனாவுக்குப் போவது கச்சா எண்ணெய், செம்பு, கோபால்ட், இரும்புத் தாது. வருவது எந்திரம், செல்போன், துணி, சோலார் பலகை. அதாவது தோண்டியதை அப்படியே கொடுத்துவிட்டு, செய்ததை வாங்குகிறார்கள். ஆப்பிரிக்கப் பொருளாதாரக்காரர்கள் புலம்புவது இதைத்தான். கடனைப் பற்றி அல்ல, அல்லது கடனைப் பற்றி மட்டும் அல்ல.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இறக்குவது என்ன? பருப்பா, கொட்டையா? 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று அவுட்டர்ன் பார்த்து, 47-க்கு ஒரு விலை, 50-க்கு ஒரு விலை என்று பேசி, தோலோடு ஏற்றிக்கொண்டு வந்து இங்கே உடைக்கிறோம். ஐவரி கோஸ்ட் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் கொட்டை விளைவிக்கிறது. உலகத்தில் முதலிடம். ஆனால் அதில் பெரும்பகுதி வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் மூட்டையாகவே கப்பலேறுகிறது. உடைக்கிற கூலி, வறுக்கிற கூலி, தரம் பிரிக்கிற கூலி எல்லாம் பண்ருட்டிக்கும் கொல்லத்துக்கும் வியட்நாமின் பின் ஃபுவோக்குக்கும் போகிறது. இதே காரியத்தைச் செம்பில் சீனா செய்தால் சுரண்டல், முந்திரியில் நாம் செய்தால் வியாபாரம் என்று சொன்னால் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார்.

உங்கள் கதிக்கு வருகிறேன். சீனாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெனினைப் பாருங்கள். 2024 ஏப்ரலிலிருந்து பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்கே அந்த நாடு தடை போட்டுவிட்டது, எங்கள் ஊரிலேயே உடைத்துக்கொள்கிறோம் என்று. தான்சானியாவில் 2018-ல் வியாபாரிகள் கேட்ட விலை மட்டம் என்று அதிபர் மகுஃபுலி கோபப்பட்டு, கிலோ 3,300 ஷில்லிங் என்று தானே விலை நிர்ணயித்து, ராணுவ லாரிகளை அனுப்பிக் கொட்டை அள்ளினார். அந்தச் சீசனில் இங்கே ஷெட்டுகளில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் லித்தியம் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது. அங்கே சுரங்கம் வைத்திருந்த சீனக் கம்பெனிகள் முணுமுணுக்காமல் தாதுவைச் செறிவூட்டும் ஆலைகளைக் கட்டின. காங்கோ 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்தி, பிறகு கோட்டா வைத்தது. உலகக் கோபால்டில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் அந்த ஒரு நாட்டில்தான் தோண்டுகிறார்கள் என்பதால் அது முடிந்தது. கொட்டைக்கு அவ்வளவு பிடி எவருக்கும் இல்லை. ஆனாலும் போகிற திசை அதுதான். அங்கேயே உடைத்த பருப்பை வாங்கி, இங்கே வறுத்து, மசாலா போட்டு, பாக்கெட் போட்டு விற்கிற யோசனை உங்கள் பிள்ளைகளுக்காவது வரட்டும்.

வாசகி, முத்தியால்பேட்டை: கடன் கட்டவில்லை என்றால் சீனா துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் எடுத்துக்கொள்ளுமாமே? உகாண்டாவில் எடுத்துக்கொண்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது.

எனக்கும் வந்தது, மூன்று குரூப்பில். எடுத்துக்கொள்ளவில்லை அம்மா. எண்டெபி விமான நிலையத்தை விரிவாக்க உகாண்டா 2015-ல் சீனாவின் எக்ஸிம் வங்கியிடம் (அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) 20 கோடி டாலர் வாங்கியது. வட்டி 2 சதவிகிதம், காலம் 20 ஆண்டு, முதல் 7 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். கேட்டால் யாரும் வாங்கத்தான் செய்வார்கள். 2021 கடைசியில் "விமான நிலையம் போச்சு" என்று செய்தி பறந்தது. பிறகு அந்த ஒப்பந்தமே வெளியானது. அதில் விமான நிலையம் ஈடாக எழுதப்படவில்லை. எழுதியிருந்தது வேறு: விமான நிலையத்தின் வருமானம் தனிக் கணக்கில் வந்து விழ வேண்டும், அதிலிருந்து கடன் தவணை முதலில் போக வேண்டும், தகராறு வந்தால் பஞ்சாயத்து பெய்ஜிங்கில்.

வங்கிக்காரன் கண்ணுக்கு இது ஜப்தியைவிடக் கெட்டிக்காரத்தனம். கட்டடத்தை எடுத்து சீனா என்ன செய்யும்? ஓடுதளத்தைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. கல்லாப்பெட்டிச் சாவி கையில் இருந்தால் போதும்.

கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தைப் பற்றியும் இதே வதந்தி. அங்கே கதை ரயிலில் தொடங்குகிறது. மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குப் புதிய அகலப் பாதை, சுமார் 480 கிலோமீட்டர், 2017 மே மாதக் கடைசியில் ஓடத் தொடங்கியது. செலவில் பத்தில் ஒன்பது பங்கு சீன எக்ஸிம் வங்கிக் கடன். அதில் ஒரு பாதி 2 சதவிகிதச் சலுகை வட்டி. மறுபாதி வணிக வட்டி, லண்டன் சந்தை விகிதத்துக்கு மேல் 3.6 சதவிகிதம். மக்களிடம் பேசும்போது முதல் பாதியைச் சொன்னார்கள். சந்தை வட்டி ஏறியபோது இரண்டாம் பாதி கடித்தது. ரயிலுக்குச் சரக்கு போதவில்லை என்று, மொம்பாசாவில் இறங்கும் கன்டெய்னர்கள் ரயிலில்தான் போக வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. லாரிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், இறக்குமதியாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒப்பந்தத்தையாவது காட்டுங்கள் என்று கென்யர்கள் வருஷக்கணக்கில் கேட்டு, 2022 நவம்பரில் புதிய அரசு வந்த பிறகுதான் சில பக்கங்கள் வெளியே வந்தன. 2014-ல் கையெழுத்தான காகிதம்!

என் புகார் வட்டியைப் பற்றியது அல்ல, ரகசியத்தைப் பற்றியது. 2021-ல் ஆய்வாளர்கள் சிலர் 24 நாடுகள் சீனாவோடு போட்ட 100 கடன் ஒப்பந்தங்களைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். புதியவற்றில் பெரும்பாலும் "இதில் உள்ளதை வெளியே சொல்லக்கூடாது" என்ற ஷரத்து. கட்டப்போகிற ஜனங்களுக்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியாத கடன். ஆனால் அந்தக் காகிதத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. ரகசியம் சீனாவுக்கு வசதியாக இருந்தது, சரி. நைரோபியிலும் கம்பாலாவிலும் கையெழுத்துப் போட்ட மந்திரிகளுக்கு அது வசதிக் குறைவாக இருந்ததா?

அம்பாந்தோட்டைக்கும் ஒரு வரி, ஏனென்றால் சண்டையே அதில்தான் ஆரம்பித்தது. 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்தது. அது கடன் தள்ளுபடி அல்ல; கைக்கு வந்த ரொக்கம். துறைமுகத்துக்கான கடன் கணக்கு இலங்கைத் தலையில் அப்படியே இருந்தது.

வாசகர், விருத்தாசலம்: ஆப்பிரிக்காவுக்கு சீனா நண்பனா, எஜமானனா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

வியாபாரி.

ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி, நெய்வேலி: எங்கள் அனல் மின் நிலையத்தை ரஷ்யர்கள் வந்துதான் கட்டிக் கொடுத்தார்கள். டவுன்ஷிப்பில் அவர்களைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். சீனா ஆப்பிரிக்காவில் செய்வது அது மாதிரிதானே?

ஒரு காலத்தில் அது மாதிரித்தான். நெய்வேலியில் முதல் மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கியது. அந்தக் காலச் சோவியத் கடன், பிலாய் எஃகு ஆலையை எடுத்துக்கொண்டால், இரண்டரை சதவிகித வட்டி, 12 ஆண்டுத் தவணை. ரூபாயில் கட்டலாம், அந்த ரூபாயில் அவர்கள் நம்மிடமே சரக்கு வாங்கிக்கொள்வார்கள். டாலர் தேட வேண்டியதில்லை. இன்றைக்கு ஒரு ஆப்பிரிக்க நிதியமைச்சர் இதைப் படித்தால் கண் கலங்குவார்.

சீனாவின் முதல் பெரிய வேலையும் அந்தக் குணத்தில்தான் இருந்தது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை, டசாரா என்று பெயர். ஜாம்பியாவிடம் செம்பு இருந்தது, கடல் இல்லை. செம்பு வெளியே போக வேண்டுமானால் பெரும்பாலும் வெள்ளையர் ஆண்ட ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே), தென்னாப்பிரிக்கா வழியாகத்தான் போக வேண்டும். தான்சானியா அதிபர் நியரேரேயும் ஜாம்பியா அதிபர் கவுண்டாவும் உலக வங்கியிடம் கேட்டார்கள். லாபம் வராது என்று கையை விரித்தது. மாவோவின் சீனா, தானே ஏழையாக இருந்த நேரம், வட்டியில்லாக் கடன் கொடுத்துச் சுமார் 50,000 தொழிலாளர்களை அனுப்பியது. 1970-ல் தொடங்கி 1975-ல் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். வேலையில் செத்த சீனத் தொழிலாளர்களின் கல்லறைகள் தார் எஸ் சலாம் அருகே இன்றும் இருக்கின்றன. சீனத் தலைவர்கள் போனால் அங்கே மலர்வளையம் வைப்பது வழக்கம்.

லாபம் வராது என்று உலக வங்கி சொன்னதும் பொய்யில்லை. பராமரிப்பில்லாமல், இஞ்சின் இல்லாமல், அந்தப் பாதை பல ஆண்டுகள் நொண்டிக்கொண்டிருந்தது. இப்போது சீன அரசுக் கம்பெனி ஒன்று 140 கோடி டாலர் போட்டுப் புதுப்பித்து, 30 ஆண்டு தானே நடத்திக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 1970-ல் வட்டியில்லாக் கடன், இப்போது நடத்தி வசூலிக்கும் உரிமை. உங்கள் ரஷ்யர்களுக்கும் இன்றைய சீனாவுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் இந்த ஒரு பாதையிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. அங்கோலாவில் பெங்குவேலா ரயில் பாதை, உள்நாட்டுப் போரில் சிதைந்து கிடந்தது. எண்ணெய்ப் பணத்தில் சீனக் கம்பெனி 1,300 கிலோமீட்டருக்கு மேல் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. பிறகு ஏலத்தில் நடத்தும் உரிமை ஒரு ஐரோப்பியக் கூட்டணிக்குப் போனது. இப்போது அதற்கு லோபிடோ வழித்தடம் என்று பெயர். சீனாவுக்குப் போட்டியாக அமெரிக்கா தூக்கிப் பிடிக்கிறது. 2024 டிசம்பரில் அதிபர் பைடனே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சீனா போட்ட தண்டவாளத்தின் மேல் நின்றுகொண்டு!

மீனவர், தேவனாம்பட்டினம்: அண்ணே, ஆப்பிரிக்கக் கடலில் சீன ட்ராலர்கள் வாரி எடுப்பதாக யூடியூபில் பார்த்தேன். அங்கே சிறுதொழில் மீனவர்கள் என்ன செய்கிறார்கள்?

நம் ஊரில் சுருக்குமடி வலைக்காக என்ன நடந்ததோ அதைத்தான். மறியல், மனு, நடுக்கடலில் சண்டை. என்ன, அங்கே எதிரில் நிற்பவர் பக்கத்துக் குப்பத்துக்காரர் இல்லை.

கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுச் சட்டப்படி ட்ராலர் உரிமையாளர் கானாக்காரராக இருக்க வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ட்ராலர்களுக்குப் பின்னால் பணம், கேப்டன், லாபம் எல்லாம் சீனா. உள்ளூர்க்காரர் பெயருக்கு முன்னால் நிற்கிறார். பினாமி என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடிமட்ட மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்கிவிட்டு, நாட்டுப் படகுக்காரன் நம்பியிருக்கிற கவலை, மத்தி இனத்தைச் சேர்ந்த சின்ன மீனை வாரி, பாளம் பாளமாக உறைய வைத்து, நடுக்கடலிலேயே படகுக்காரனிடம் திருப்பி விற்பார்கள். அதற்கு அங்கே 'சாய்கோ' என்று பெயர். தன் வலையில் விழ வேண்டிய மீனைக் காசு கொடுத்து வாங்கிக் கரைக்குக் கொண்டுவருகிற கொடுமை. சட்டத்தில் தடை உண்டு. 2019-ல் இப்படியொரு கப்பலில் கண்காணிக்கப் போன அரசுப் பார்வையாளர் ஒருவர் கடலில் காணாமல் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

காம்பியாவில் பிரச்சினை கரையில். குன்ஜூர் என்ற ஊரில் 2016-ல் ஒரு சீன மீன்தூள் ஆலை வந்தது. ஏழைக் குடும்பம் வாங்கிச் சமைக்கிற மீன் ஆலைக்குள் போய், மாவாகி, வெளிநாட்டுப் பண்ணை மீனுக்குத் தீவனமாகக் கப்பலேறியது. சந்தையில் மீன் விலை ஏறியது. மறு ஆண்டு பக்கத்திலிருந்த காயல் சிவப்பாக மாறி மீன் செத்து மிதந்தது. ஊர்க்காரர்கள் ஆலையின் கழிவுக் குழாயைத் தோண்டியே எடுத்தார்கள். நம் பக்கத்து இறால் பண்ணைத் தீவனத்தில் எந்த மீன் இருக்கிறது என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்கள்.

சீனாவை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது. ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் எத்தனையோ காலமாக நிற்கின்றன, அரசுக்கு அரசு ஒப்பந்தம் போட்டு. ஆனால் அந்த ஒப்பந்தங்களை எவரும் எடுத்துப் படிக்கலாம். அந்த ஒரு வித்தியாசம் உண்டு.

செல்போன் கடைக்காரர், நேரு வீதி, புதுச்சேரி: ஆப்பிரிக்காவில் எந்த போன் அதிகம் விற்கிறது? சாம்சங்கா?

உங்கள் கடையிலேயே கீழ்த்தட்டில் இருக்கிறது. ஐடெல், டெக்னோ, இன்ஃபினிக்ஸ் மூன்றும் ஷென்ஜெனிலிருக்கும் டிரான்ஷன் என்ற ஒரே கம்பெனியின் பிராண்டுகள். ஆப்பிரிக்காவில் நம்பர் ஒன். கறுத்த முகம் இருட்டில் பளிச்சென்று விழுகிற மாதிரி கேமராவைத் திருத்தினார்கள், இரண்டு மூன்று சிம் போட இடம் வைத்தார்கள், கரன்ட் இல்லாத ஊருக்குப் பெரிய பேட்டரி கொடுத்தார்கள். அங்கே எடுபட்டதும் இங்கே கொண்டுவந்தார்கள். சீன அரசாங்கத்தின் கடனைவிட இந்தக் கம்பெனி ஆப்பிரிக்க வீடுகளுக்குள் ஆழமாகப் போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

பிரெஞ்சு பென்ஷன் குடும்பத்தைச் சேர்ந்தவர், புதுச்சேரி: என் தாத்தா சொல்தாவாக (பிரெஞ்சுப் படை வீரராக) இருந்தவர், ஜிபூட்டியில் வேலை பார்த்தவர். சீனாவைக் காலனி ஆதிக்கம் என்கிறார்கள். பிரான்ஸ் செய்ததோடு ஒப்பிட முடியுமா?

முடியாது. பிரான்ஸ் காங்கோவில் 1921 முதல் 1934 வரை கடற்கரைக்கு ஒரு ரயில் பாதை போட்டது. கட்டாய உழைப்பு. குறைந்தது 17,000 பேர் செத்ததாகக் கணக்கு. டசாராவை அதோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம். 1945-ல் பிரான்ஸ் உருவாக்கிய சி.எஃப்.ஏ. பிராங்க் இன்றைக்கும் 14 நாடுகளில் செலாவணி. ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிப் போட்டிருக்கிறது. தன் நாணயத்தின் மதிப்பைத் தானே மாற்ற முடியாத நாடுகள். சீனா அந்த அளவுக்குப் போகவில்லை, போக ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அதற்காக சீனக் கம்பெனிகளைத் தோளில் தூக்க வேண்டாம். ஜாம்பியாவில் கொலம் (Collum) என்ற சீன நிலக்கரிச் சுரங்கத்தில் 2010-ல் கூலி கேட்டுக் கூடிய தொழிலாளர்கள் மீது சீன மேற்பார்வையாளர்கள் சுட்டார்கள். பதினொரு பேர் காயம். வழக்கு பிறகு கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் அதே நாட்டில் ஒரு சீனச் செம்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து, அமிலம் கஃபுவே ஆற்றுப் படுகையில் கலந்தது. சிப்காட் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதன் நாற்றம் புரியும்.

உங்கள் தாத்தா இருந்த ஜிபூட்டியின் இப்போதைய சமாசாரம் ஒன்று. பிரெஞ்சுத் தளம் அப்படியே இருக்கிறது, அமெரிக்கத் தளமும் இருக்கிறது, 2017-ல் சீனாவும் தன் முதல் வெளிநாட்டுத் தளத்தை அங்கே திறந்தது. ஜப்பானும் இத்தாலியும்கூட உண்டு. சின்ன நாடு, எல்லாரிடமும் வாடகை வாங்குகிறது. ஒண்டுக்குடித்தனக்காரர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டாலும் வீட்டுக்காரருக்குத் தேதி தவறாமல் பணம் வந்துவிடுகிறது.

கூட்டுறவு வங்கி ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்: ஒரு நாடு கடனைக் கட்ட முடியாமல் போனால் உண்மையில் என்ன ஆகும்?

சக ஊழியர் கேட்கிறார், சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஜாம்பியாதான் பாடப் புத்தகம். 2020 நவம்பரில் ஒரு பாண்டின் வட்டித் தவணை, 4 கோடியே 25 லட்சம் டாலர், கட்ட முடியாமல் நின்றது. கொரோனா காலத்தில் விழுந்த முதல் ஆப்பிரிக்க நாடு. கொஞ்சம் பொறுங்கள் என்று பாண்டுக்காரர்களிடம் கேட்டது. அவர்கள் முடியாது என்றார்கள். காரணம்? நாங்கள் விட்டுக்கொடுக்கிற பணம் சீன வங்கிக்குப் போய்விட்டால்? சீனாவுக்கு எவ்வளவு பாக்கி, என்ன ஷரத்து என்று எங்களுக்குக் காட்டவே இல்லையே? ரகசிய ஷரத்தின் விலை இங்கேதான் தெரிந்தது. சீனா தரப்பிலோ, உலக வங்கியும் நஷ்டத்தில் பங்கெடுக்கட்டும் என்று கொஞ்ச காலம் முரண்டு.

2023 ஜூனில் அரசுக் கடன் 630 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது. அதில் சுமார் 410 கோடி சீனாவுடையது. அசலில் கை வைக்கவில்லை. தவணையை 2043 வரை இழுத்தார்கள், வட்டியைப் பல ஆண்டுகளுக்கு 1 சதவிகிதமாக இறக்கினார்கள். பாண்டுக்காரர்களோடு முடிய 2024 ஆகிவிட்டது. மூன்றரை ஆண்டு! அதுவரை சந்தையில் புதுக்கடன் இல்லை, அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பு சரிந்தது, மருந்து வாங்கக் காசில்லை. நம் வங்கியில் கடனைப் புதுப்பித்து எழுதுவோமே, அந்தக் கலையில் சீனா கெட்டிக்காரர்: காலத்தை நீட்டும், வட்டியைக் குறைக்கும், அசலை மட்டும் வெட்டாது. எந்த மேலாளர்தான் தன் காலத்தில் அசலைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போடுவார்?

வரலாற்று மாணவி, கடலூர் முதுநகர்: சீனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தொடர்பு புதிதா? தமிழோடு ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு மகளே, கல்லிலேயே உண்டு. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹ, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கடல் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கப்பல்களைச் செலுத்தியவர். போகிற வழியில் இலங்கையின் காலி நகரில் ஒரு கல்வெட்டு வைத்தார். 1409 தேதியிட்டது. மூன்று மொழி: சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கடலில் வியாபாரம் பேச எந்த மொழிகள் வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய சீனத் தலைவர்கள் ஆப்பிரிக்கா போனால் செங் ஹ கதையைத் தவறாமல் சொல்வார்கள். படையோடு வந்தவர், ஆனாலும் நாடு பிடிக்கவில்லை என்று. இலங்கை மன்னர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

வாசகர், வில்லியனூர்: இந்தியா ஏன் சும்மா இருக்கிறது?

சும்மா இல்லை, மெதுவாக இருக்கிறது. மாத்திரை, மோட்டார் சைக்கிள், ஆட்டோ, அரிசி என்று நாம் விற்பது நிறைய; இந்திய–ஆப்பிரிக்க வியாபாரம் ஆண்டுக்கு 10,000 கோடி டாலரை நெருங்கியிருக்கிறது. ஆனால் சீனா 2000-லிருந்து மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஆப்பிரிக்கத் தலைவர்களைக் கூட்டி உட்கார வைக்கிறது; 2024 பெய்ஜிங் மாநாட்டில் மூன்று ஆண்டுக்கு 36,000 கோடி யுவான் என்று அறிவித்தது. நம் மாநாடு 2008, 2011, 2015 என்று நடந்து, அப்புறம் அடுத்ததற்கு நாள் குறிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

டிப்ளமோ முடித்தவர், குறிஞ்சிப்பாடி: கென்யாவில் ஒரு சீன ரோடு கம்பெனியில் சைட் சூப்பர்வைசர் வேலை என்று ஏஜென்ட் சொல்கிறார். போகலாமா சார்?

தம்பி, வேலை இருக்கலாம். நைரோபியில் 27 கிலோமீட்டர் மேம்பாலச் சாலையை ஒரு சீனக் கம்பெனி தன் பணத்தில் கட்டி 2022-ல் திறந்தது. அரசாங்கம் கடன் வாங்கவில்லை. கம்பெனியே 27 ஆண்டு டோல் வசூலித்துக்கொள்ளும், நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுகிறோமே அது மாதிரி. இப்படிப்பட்ட வேலைகள் தொடர்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆப்பிரிக்காவில் சீனத் தொழிலாளர்கள் 2015-ல் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்தார்கள், 2022-ல் ஒரு லட்சத்துக்கும் கீழே. உள்ளூர் ஆட்களை வைக்கச் சொல்லி அந்தந்த அரசாங்கங்கள் நெருக்குகின்றன. சீனர்களையே குறைக்கிற இடத்தில் குறிஞ்சிப்பாடிக்காரரை எதற்குத் தேடுகிறார்கள் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் மேலே பேசலாம்.

ஆஃபர் லெட்டர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சீன மொழியில் கொடுத்து, கையெழுத்துப் போடு, அப்புறம் விளக்குகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் எந்த நாணயத்தில், எந்த வங்கியில், ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் திரும்பி வர டிக்கெட் யார் பொறுப்பு என்று மூன்றும் எழுத்தில் வேண்டும். வொர்க் பெர்மிட் கைக்கு வராமல் டூரிஸ்ட் விசாவில் ஏற வேண்டாம். போனதும் நைரோபியில் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், எனவே டிக்கெட் தேதியைப் பார்த்து முன்னாலேயே போய்விடுங்கள்.